அண்ணா இன்னும் அமெரிக்காவில்தான்

நாங்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இந்த ஊருக்கு வந்து இறங்கிய பிள்ளைகள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டோம். வாசிக்க ஒரு கண்ணாடி, கார் ஓட ஒரு கண்ணாடி என்று ஆகிவிட்டது. கலியாணங்களிலும் செத்த வீடுகளிலும் சந்திக்கும்போது நீங்கள் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நானும் கூடவே சிரிப்பேன். ஆனால், "உம்மடை அண்ணா அமெரிக்காவிலை படிச்சவரல்லோ" என்று யாராவது தொடங்கினால், தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுவேன். அதைக் கவனித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஏன் எழும்பிப் போகிறேன் என்று இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் நார்த்மீட் என்ற புறநகரில் ஒரு பழைய பைப்ரோ வீட்டில், மெல்லிய சிமெந்துத் தகட்டுச் சுவர் வைத்த வீட்டில், வாடகைக்கு இருந்தோம். மழை பெய்தால் முன்னறைச் சுவர் ஊறவைத்த அரிசி மாதிரி மணக்கும். அப்பா மன்னாரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வரும்போது சட்டையில் வனிலா வாசமும் மெஷின் எண்ணெய் வாசமும் கலந்திருக்கும். தொழிற்சாலையில் அவருடைய நீளப் பெயரை வெட்டி ஏதோ இரண்டெழுத்தில் கூப்பிட்டார்கள். அவரை 'மாஸ்ரர்' என்று கூப்பிட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் மட்டும் அப்பாவின் முதுகு நிமிர்ந்திருக்கும்.

அண்ணா என்னைவிட எட்டு வயது மூத்தவன். இடது கைக்காரன். சின்ன வயதில் அம்மா அந்தக் கையில் எவ்வளவோ அடித்துப் பார்த்துவிட்டு, சாப்பிடுவதற்கு மட்டும் வலது கை என்ற அளவில் சமாதானமாகிவிட்டார். பள்ளிக்கூடத்துக்காகக் கிரிக்கெட் விளையாடியவனை, பக்கத்து மைதானத்தில் பேஸ்போல் பழக்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்டுவிட்டார். எல்லைக் கோட்டிலிருந்து அண்ணா எறிந்த பந்து நிலத்தில் படாமல் நேரே விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனதாம். அவர் வேலியைத் தாண்டி வந்து, இன்னொரு தரம் எறி பார்ப்போம் என்றாராம். குழாய் வேலை செய்கிற வெள்ளைக்காரர். வெயிலில் வெந்த கழுத்து, எந்நேரமும் அரைக் காற்சட்டை. எங்கள் வீட்டில் அவருக்கு 'கோச்' என்றுதான் பெயர்.

அதன் பிறகு எங்கள் பின் வளவில் வேறு சத்தம் கேட்கவில்லை. அண்ணா ஒரு பழைய மெத்தையைக் கராஜ் சுவரில் சாத்தி, அதன் நடுவில் கரியால் ஒரு சதுரம் கீறி, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருட்டும்வரை எறிந்துகொண்டே இருப்பான். தும், தும் என்று வீடு அதிரும். அவனுடைய தோல் கையுறைக்கு அம்மாவின் நல்லெண்ணெயை எடுத்துப் பூசித் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பான். அந்த மணத்தை இப்போது எங்கேயும் காணமுடியவில்லை. தோலும் எள்ளும் வியர்வையும் சேர்ந்த ஒரு மணம். அந்தக் கையுறை எங்கே போனது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் அண்ணாவைக் கேட்டது. அங்கே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான பேஸ்போல் என்பது சும்மா மாணவர் விளையாட்டு இல்லை. மேல் பிரிவில் ஆடுகிற அணிகளுக்குச் சொந்த அரங்கம் இருக்கும். ஊரே திரண்டு வந்து பார்க்கும். அங்கிருந்துதான் பெரிய தொழில்முறை அணிகளுக்கு ஆள் எடுப்பார்கள். இதையெல்லாம் கோச் எங்கள் முன்னறையில் இருந்து விளக்கினார். பந்தெறிவதற்காகவா ஒரு பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவது என்று அப்பா பல நாள் முகம் கொடுக்காமல் திரிந்தார். பிறகு அந்தக் கதையில் இரண்டு சொற்கள் அவருக்குப் பிடித்துக்கொண்டன. ஒன்று பல்கலைக்கழகம். மற்றது புலமைப்பரிசில்; படிப்புச் செலவு முழுதும் அவர்களுடையது.

அடுத்த தமிழ்ப் பூசையில் அந்த இரண்டு சொற்களை மட்டும் சொன்னார். பொய் எதுவும் சொல்லவில்லை. என்ன படிக்கப் போகிறான் என்று கேட்டவர்களுக்கு, முதல் வருடம் எல்லாருக்கும் பொதுப் படிப்புத்தான் என்றார். தேத்தண்ணி முடிவதற்குள் அண்ணா இன்ஜினியர் ஆகிவிட்டான். அடுத்த மாதம் டொக்டர். அப்பா ஒருவரையும் திருத்தவில்லை, அம்மாவும் திருத்தவில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் சங்கத்தின் தலைவர், நாங்கள் 'தலைவர் அங்கிள்' என்று கூப்பிட்டவர், ஒரு பிரியாவிடையே ஒழுங்கு செய்தார். அவர் கணக்காளர், கோடை வெயிலிலும் கழுத்தில் ரை கட்டி வருவார், அவர் ஒரு சொல் சொன்னால் மண்டபம் முழுதும் அதைத் திருப்பிச் சொல்லும். அப்பா உலகத்தில் பயந்த ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். விமானம் மாதிரி கேக் செய்து வைத்தார்கள். பாதர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அண்ணா மண்டபத்தின் நடுவில் காதெல்லாம் சூடேறிப்போய் நின்றான்.

திரும்பி வரும்போது காரில் கேட்டான்.

"அப்பா, ஏன் பேஸ்போல் எண்டு சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? நீ யூனிவேர்சிற்றிக்குத்தானே போறாய்" என்றார் அப்பா.

அண்ணா போய் அரை வருடத்துக்குப் பிறகு அங்கே சீசன் தொடங்கியது. பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்களுக்கு அது கோடை முடிகிற நேரம். அங்கே வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் ஆட்டம் எங்களுக்குச் சனி நண்பகல். ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்து அண்ணா போன் எடுக்கும்போது எங்களுக்குத் திங்கள் காலை. ரெலிபோன் நடையில் இருந்தது. அப்பா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடிப்பார். அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் தலையைக் கொண்டுபோய் ஒட்டிக்கொள்வோம். அம்மாவின் தலையெண்ணெயும் அப்பா அப்போதுதான் பூசிய சவரக் கிறீமும் மணக்கும். நான் பள்ளிச் சீருடையோடு நின்று கேட்பேன். அண்ணாவின் குரல் கடலுக்கு அடியால் வருகிற மாதிரி, ஒரு சொல் பிந்தி வரும்.

அந்த விளையாட்டை வேண்டாம் என்று நின்ற அப்பா எப்படி அதற்குள் விழுந்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஆட்ட நேரத்தில் வீட்டில் இருக்கவென்று சனிக்கிழமை வேலையை மாற்றிக்கொண்டார். கோச்சிடம் போய் விதிகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். குசினி மேசையில் நாலு செத்தல் மிளகாயை நாலு மூலையில் வைத்து, நடுவில் பந்தெறிகிறவனாக ஒரு உள்ளிப் பல்லை வைத்து, "இந்தா, இதுதான் உன்ரை மகன்" என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். அம்மா பருப்பு அடிப்பிடிப்பதைக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதல் வருடப் பெடியனாக இருந்தும் அண்ணாவைப் பெரிய ஆட்டங்களில் இறக்கினார்கள். அணி வென்றுகொண்டே போனது. அப்பா வீட்டுக்குள் விசில் அடித்து நான் கேட்டது அந்த மாதங்களில் மட்டும்தான்.

ஆனால் அந்தச் சந்தோசத்தை வெளியில் கொண்டுபோக அவருக்கு வழியில்லை. அண்ணா ஒரு வீடியோ நாடா அனுப்பினான். அவன் எறிந்த ஒரு முழு ஆட்டம். அமெரிக்க நாடா எங்கள் பெட்டியில் ஒழுங்காக ஓடாது என்பது எங்களுக்குத் தெரியாது. நிறமில்லாமல், படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது; அண்ணாவின் தொப்பி வரும், போகும், கால் வரும். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்குப் போனார். இன்றைக்கு இருக்கிற இத்தனை கடைகள் அங்கே அப்போது இல்லை. மசாலாச் சாமானும் படக் கசெற்றும் சேர்த்து விற்கிற ஒரு பீஜிக்காரர் இருந்தார். நாடாவை எங்கள் பெட்டியில் ஓடுகிற மாதிரி மாற்றித் தருவார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கலியாண வீடியோ என்றார் அப்பா. திரும்ப எடுக்கப் போனபோது அந்த மனிதர் பொதியை நீட்டிவிட்டு, கலியாணம் நல்லாய் இருந்தது, மாப்பிள்ளை நல்லாய் எறிகிறார் என்றார். அப்பா சிரிக்கவில்லை. காருக்கு வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அந்த நாடாவைத் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத்தான் பார்ப்போம். வெள்ளை உடுப்பில் அண்ணா மண்மேட்டில் நிற்பான். காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, அந்த இடது கையைச் சாட்டை மாதிரி விசுக்குவான். அடிக்க நின்றவன் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போவான். கூட்டம் கத்தும். அம்மா வாயைப் பொத்திக்கொள்வார். ஒருநாள் வாசல் மணி அடித்தது. அப்பா பாய்ந்து போய் ரீவியை நிற்பாட்டிவிட்டு நாடாவை மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகினார். வந்தவன் புல்லு வெட்டுகிறவன். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

ஈஸ்ரருக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை. மூன்று பேரும் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அண்ணா முதலில் வென்றதைப் பற்றிச் சொன்னான்.

"அப்பா, முழங்கையிலை நோகுது. கடைசி ரெண்டு விரலும் விறைக்குது."

"அங்கை இருக்கிற கோச்சுக்குச் சொன்னனியோ?"

"இல்லை. சொன்னா எறிய விடாயினம். விடாட்டி அடுத்த வருசம் ஸ்கொலர்ஷிப் தருவினமோ தெரியாது."

அப்பா ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றினார். நான் அவருடைய முகத்தைக் கீழேயிருந்து பார்த்தேன்.

"அப்ப சொல்லாதை" என்றார். "இன்னும் கொஞ்சக் காலம்தானே தம்பி. பல்லைக் கடிச்சுக்கொண்டு எறி. நீ இடையிலை திரும்பி வந்தா நான் எந்த முகத்தோடை வெளிக்கிடுறது?"

அந்தப் பக்கம் ஒரு 'ம்' கேட்டது. அம்மா ரிசீவரை வாங்கித் தைலம் அனுப்புவதாகவும் படுக்கப் போக முன்னம் பூசச் சொல்லியும் சொன்னார். பிறகு என்னுடைய முறை. எனக்கு வாக்குத் தந்த தொப்பியை அனுப்ப மறக்கவேண்டாம் என்று நான் சொன்னேன்.

அண்ணா இங்கே இருக்கிற எங்கள் கோச்சுக்கும் போன் எடுத்திருக்கிறான். அந்த வாரமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அரைக் காற்சட்டையில் இல்லை, நீளக் காற்சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். அம்மா தேத்தண்ணியும் ரோல்சும் வைத்தார். விரல் விறைக்கிறது என்றால் அது சாதாரண நோ இல்லை, எறிவதை உடனே நிற்பாட்டவேண்டும் என்றார் கோச். தான் சொல்லிப் பார்த்துவிட்டாராம். அவன் தகப்பன் சொன்னால் மட்டும்தான் கேட்பான், நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கள் என்று கேட்டார். அப்பா தன்னுடைய ஆசிரியர் ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, எங்கள் குடும்பத்தில் தொடங்கிய எதையும் பாதியில் விடுகிற வழக்கம் இல்லை என்றார். கோச் கடித்த ரோலைத் தட்டில் திரும்ப வைத்தார். அவன் சின்னப் பெடியன் என்றார். அவன் என்னுடைய பெடியன் என்றார் அப்பா. கோச் அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. எவ்வளவு மரியாதையாகக் கதைத்து அனுப்பினேன் பார்த்தாயா என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

மே மாதக் கடைசியில், தோற்றால் வெளியேறவேண்டிய ஆட்டம் ஒன்றில் கை போய்விட்டது. துணி கிழிகிற மாதிரிச் சத்தம் உள்ளுக்குள் கேட்டதாம். அதைப் பல வருடங்களுக்குப் பிறகு அண்ணா என் கணவருக்குச் சொல்லித்தான் நான் கேட்டேன். அன்றைக்கு எங்களுக்குப் போன் எடுத்தது அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர். முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்றார். அப்பா ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி, புலமைப்பரிசில் தொடருமா என்பது. நான் நடையின் மற்ற முனையில் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி அப்போது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

தொடரவில்லை. ஜூன் முடிகிற நேரம் அண்ணா திரும்பி வந்தான்.

விமான நிலையத்துக்கு அப்பா மட்டும் போனார். நானும் அம்மாவும் கராஜுக்குள் காத்துக்கொண்டு நின்றோம்; அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காரை உள்ளே கொண்டுவந்து நிற்பாட்டி, இறங்கி, ஷட்டரை நிலம்வரை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அண்ணாவின் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். இருட்டுக்குள் முதலில் வெள்ளைப் பட்டைகள்தான் தெரிந்தன. தோளிலிருந்து மணிக்கட்டுவரை கட்டு, அதற்கு மேல் கம்பி வைத்த பட்டி. அண்ணா மெலிந்துபோயிருந்தான். அம்மா அவனுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் போடாதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றார் அப்பா.

லீவில் வந்திருக்கிறான் என்று சொல்லலாமே என்று அம்மா கேட்டார். அப்பா அதையும் யோசித்து வைத்திருந்தார். லீவில் வந்தவன் என்றால் கை ஏன் இப்படி என்று கேட்பார்கள். ஓகஸ்ட் வந்தால் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்பார்கள். முதலில் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் எடுப்போம், பிறகு மாறி வந்துவிட்டான் என்று சொல்வோம். அதுவரைக்கும் அண்ணா அமெரிக்காவில்தான்.

அப்படி ஒரு குளிர்காலம் முழுக்க அண்ணா அமெரிக்காவில் இருந்தான். பின்னறையில் அவனுக்குக் கட்டில். முன் வளவுக்குப் போகக்கூடாது, ரெலிபோன் எடுக்கக்கூடாது. கோயில் ஆட்கள் யாராவது வந்தால் பின் கதவால் கராஜுக்குப் போய்விடவேண்டும். அங்கே ஒரு மடக்குக் கதிரையும் சின்ன ஹீற்றரும் வைத்திருந்தோம். வந்தவர்கள் போகச் சுணங்கினால் நான் அம்மாவின் கண்சாடையில் தேத்தண்ணி கொண்டுபோவேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நல்ல கையால் கப்பை வாங்கி, "போயிட்டினமோ?" என்று மெல்லக் கேட்பான். கராஜின் வெளிச் சுவரில் அந்த மெத்தை இன்னும் சாத்தியிருந்தது. எனக்கு அவன்மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. அவன் வந்ததிலிருந்து என் சிநேகிதிகள் ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை.

தமிழ்ப் பூசைக்கு நாங்கள் மூன்று பேரும் போய்வந்தோம். ஒரு முறை மண்டபத்தில் அன்ரிமார் என்னைச் சுற்றிக்கொண்டு, அண்ணா லீவுக்கு வரவில்லையா என்று கேட்டார்கள். இல்லை, மேலதிக வகுப்பு எடுத்துப் படிக்கிறான் என்று சொல்லத்தான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். நான் அதோடு நிற்கவில்லை. இப்போது அங்கே வெயில் காலம், பின்னேரத்தில் சிநேகிதர்களோடு ஆற்றில் நீந்தப் போகிறானாம், முந்தாநாள் போனில் சொன்னான் என்றேன். கொஞ்சம் தள்ளி நின்ற அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் கஷ்டமான கணக்கைச் செய்துவிட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வை கிடைத்த சந்தோசம் எனக்கு வீடு வரும்வரை இருந்தது. வீட்டில் அண்ணா இருட்டில், லைற் போடாமல் படுத்திருந்தான்.

ஓகஸ்ட் நடுப்பகுதி ஒரு ஞாயிறு பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல் தலைவர் அங்கிளின் கார் வந்து எங்கள் வாசலில் நின்றது. அவர், அன்ரி, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற அவர்களுடைய மகள். அண்ணா பின் கதவால் போய்விட்டான். அவர்கள் கொண்டுவந்த கேக்கை அம்மா ஏந்தி வாங்கினார். மகளுக்கும் அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்க விருப்பமாம்; எப்படி விண்ணப்பிப்பது, எத்தனை புள்ளி எடுக்கவேண்டும் என்று மாஸ்ரரிடம் கேட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள்.

அப்பா சொல்லிக்கொடுத்தார். தெரியாத எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். மகன் எதைப் படிக்கிறான் என்று அங்கிள் கேட்டார், விஞ்ஞானம் என்றார். எப்படிச் செய்கிறான் என்று கேட்டார். வகுப்பில் முதலாவது என்றார். அவர்களுடைய மகள், அந்த அக்கா, சின்ன நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எழுதினார். அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. கராஜுக்கும் முன்னறைக்கும் இடையில் ஒரு மெல்லிய பைப்ரோச் சுவர்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

குசினிப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணா முன்னறை வாசலில் வந்து நின்றான். இடுப்பில் சாரமும், மார்பில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட பழைய பெனியனும். பட்டியிட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தான். குளிரில் உதடு வெளிறியிருந்தது.

"நான் படிக்கப் போகேல்லை அங்கிள்" என்றான். "பேஸ்போல் எறியத்தான் கூட்டிக்கொண்டு போனவை. கை போயிட்டுது. ஜூனிலை வந்திட்டன்."

அம்மாவின் கையில் இருந்த கேக் தட்டு சாய்ந்து, துண்டுகள் ஒரு பக்கம் வழுக்கின. அப்பா அண்ணாவைப் பார்க்கவில்லை, தலைவர் அங்கிளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாயிலிருந்து வரப்போகிற சொல்லை.

தலைவர் அங்கிள் எழும்பினார். தான் இருந்த கதிரையை அண்ணாவின் பக்கமாக இழுத்துவிட்டார்.

"இரும் தம்பி. இப்பவும் நோகுதோ?"

அண்ணா கதிரையில் இருந்துகொண்டு, "ஓம் அங்கிள், நோகுது" என்றான். பிறகு அழத் தொடங்கினான். பத்தொன்பது வயது ஆண்பிள்ளை, விருந்தாளிகளுக்கு முன்னால், மூக்கைத் துடைக்கக்கூட ஒரு கைதான் இருந்தது. அன்ரி தன்னுடைய சேலைத் தலைப்பைக் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. பதினொரு வயதுப் பிள்ளைக்கே விளங்கியது என்றால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எப்படி இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வெட்கம். அவர்கள் எங்களைக் குறைவாக ஒன்றும் நினைக்கவில்லை. அந்த அக்கா நோட்டை மூடிவிட்டு, எத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் எறிந்தாய், பயமாக இருக்கவில்லையா என்று அண்ணாவிடம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கிள் அந்த நாடாவைப் போடச் சொன்னார். அம்மா போய் எடுத்துவந்தார். திரைச்சீலை திறந்தபடி இருக்க, பின்னேர வெளிச்சத்தில் எல்லோரும் இருந்து பார்த்தார்கள். அண்ணா எறிய எறிய அங்கிள் தொடையில் தட்டினார். எங்கடை பெடியனோ இது, எங்கடை பெடியனோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா அங்கே இருக்கவில்லை. எப்போது எழும்பிப் போனார் என்று ஒருவரும் காணவில்லை. நான் தண்ணீர் எடுக்கப் போனபோது அவர் குசினியில், கழுவின கப்புகளை எடுத்துத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லாம் எப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். அண்ணாவுக்கு இங்கே ஒரு தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று மெல்பேர்னில் தரை போடுகிற தொழில் செய்கிறான். இரண்டு பேர் அவனிடம் வேலை செய்கிறார்கள். குளிர் நாட்களில் இடது கையால் கேத்திலைத் தூக்க மாட்டான். பேஸ்போல் பார்ப்பதே இல்லை. அம்மா தன்னுடைய கடைசி வருடங்களை அவனோடுதான் கழித்தார். அப்பா அதற்கு முன்னமே போய்விட்டார். அந்தத் திங்கட்கிழமைப் போனைப் பற்றி அப்பாவும் அண்ணாவும் ஒரு நாளும் கதைக்கவில்லை. அண்ணா குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. அப்பாவின் சவப்பெட்டியை நல்ல தோளில்தான் சுமந்தான். அப்பா கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. அவருக்கு மாதத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை. அதற்கு என்ன விலை என்று தெரிந்த பிறகும், நான் அவரை நினைக்கும்போது என் முகம்தான் சுடுகிறது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அடுத்து வந்த தமிழ்ப் பூசையைப் பற்றி. அண்ணா வெள்ளைச் சேட்டுப் போட்டு, பட்டியோடு, எங்களுடன் காரில் வந்தான். அப்பாதான் ஓட்டினார். தரிப்பிடத்தில் நிற்பாட்டியதும் நாங்கள் இறங்கினோம், அவர் இறங்கவில்லை. நீங்கள் போங்கள், வாறன் என்றார். பாட்டுத் தொடங்கியது, பிரசங்கம் முடிந்தது, நன்மை அப்பம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அவருடைய இடம் வெறுமையாகவே இருந்தது. மண்டபத்தில் தேத்தண்ணி நேரம் அண்ணாவைச் சுற்றிப் பெடியன்கள் ஒரு கூட்டம். பந்தை எப்படிப் பிடிப்பது என்று ஒரு தோடம்பழத்தை வைத்து வலது கையால் காட்டிக்கொண்டிருந்தான். அம்மா என்னைப் பார்த்து, போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

வெளியில் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். கொஞ்சம் இறக்கினார்.

"அம்மா வரச்சொல்லுறா."

"அண்ணா உள்ளுக்கு நிக்கிறானோ?"

"ஓம்."

"சனம் என்ன கேக்குது?"

"பந்து எறியிறதைப் பற்றித்தான் கேக்கினம். அவன் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறான்."

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். மண்டபத்துப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் கண்ணாடியைத் திரும்ப ஏற்றத் தொடங்கினார்.

"நீ போ பிள்ளை. நான் பிறகு வாறன்."

நான் போனேன். மண்டபக் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். பூசை முடிந்து இரண்டு குடும்பங்கள் தங்கள் காருக்குப் போக எங்கள் காரின் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தன. அப்பா சீற்றில் கீழே கீழே சரிந்து, அவர்கள் கடந்து போகும்வரை, வெளியில் தலை தெரியாதபடி படுத்துக்கிடந்தார்.